வாக்குரிமையும் நமது மஹல்லாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை அடுத்து நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

உள்ளூர்த் தேர்தல்களில் நம் சமுதாயத்தின் பங்கு எனும் பொருளில் சில செய்திகளை எடுத்துரைக்குமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். செய்தி வெளியே பரவியதும் நண்பர்கள் சிலர் வினவிய முதல் கேள்வி, "யாருக்குப் போடச் சொல்லப் போகிறீர்கள்?" என்பதே. அவர்களுக்குத் தந்த விடையையே இங்கும் முதலில் கூறிவிடுகிறேன். யாருக்கும் அல்ல. அது என் வேலையும் அன்று; இந்த ஜமாஅத்தின் வேலையும் அன்று. வழிபாட்டுத் தலங்களுக்குச் சொந்தமான இடங்களை அரசியல் பிரச்சாரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் சட்டம் தடுக்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடான செயல் என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஜனவரியில் அதனை மேலும் இறுக்கமாகவே உறுதி செய்தது. ஆகவே கடந்த தேர்தல்களின் முடிவுகளை நான் எடுத்துக் கூறும்போது அவற்றை வரலாறாக மட்டுமே கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் மஹல்லாவில் எல்லாக் கட்சியினரும் இருக்கின்றனர் என்பது எவருக்கும் மறைவானதன்று. ஒரே வீட்டில் வாப்பா இலைக்காரர், மகன் சூரியன்காரர், மைத்துனர் ஏணியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பாராதவர். இவர்களோடு 1995-க்குப் பின் தோன்றிய இயக்கங்களையும், அவற்றிலிருந்து கிளைத்த கட்சிகளையும் சேர்த்துக்கொண்டால், ஒரு விருந்தின் ஒரு சஹனைச் சுற்றி அமரும் நால்வர் நான்கு கொடிக்கு உரியவராய் இருப்பதில் வியப்பில்லை. இதனைப் பெருங்குறையாகக் கருதி, "ஒற்றுமையாக ஒரே பக்கம் போட்டால் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?" என்று ஆதங்கப்படுவோர் நம்மில் பலர். அந்த ஆதங்கம் தூயதே. ஆயினும் அதன் பின்னே உள்ள கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் நம் ஊரின் நிலையைப் பாருங்கள். சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. நாம் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் அவ்வாறே. தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசியலமைப்பு வழங்கிய நியாயமான உரிமை அது. அதில் நமக்கு மனக்குறை இருத்தலாகாது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. இவ்வூரில் சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ நடக்கும் எந்தத் தேர்தலிலும், "நம்மவர் நிற்கிறாரா?" என்ற கேள்விக்கே இடமில்லை. மற்ற ஊர்களில் சமுதாயத்தை இரண்டாகப் பிளக்கும் அக்கேள்வி நம்மைத் தீண்டுவதில்லை. இதனை ஒருவகையில் நிம்மதி என்றே சொல்வேன்.

ஏனெனில் அக்கேள்வி எழுகின்ற ஊர் நமக்கு அண்மையிலேயே உள்ளது. கடையநல்லூரில் 2016-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் முன்னணியில் நின்ற இருவருமே முஸ்லிம்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் வேட்பாளர் முஹம்மது அபூபக்கர், அ.இ.அ.தி.மு.க.வின் வேட்பாளர் ஷேக் தாவூதை 1,194 வாக்குகளில் வென்றார். "நம்மவருக்கே போடுங்கள்" என்று ஒருவர் அங்கே கூறியிருந்தால், "எந்த நம்மவருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். 2021-இல் அதே அபூபக்கர் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் தோல்வியுற்றார். 2011 தேர்தலில் முஸ்லிம் லீக் ஓர் அணியிலும் மனிதநேய மக்கள் கட்சி எதிரணியிலும் நின்றன. 2021-இல் அவ்விரண்டும் ஒரே அணியில், எஸ்.டி.பி.ஐ. கட்சி வேறோர் அணியில். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் உண்டு. எந்த நியாயம் சரி என்று ஒரு ஜமாஅத் தீர்மானம் போடப் புறப்பட்டால், மறுநாள் அந்த ஊரில் இரண்டு ஜமாஅத்துகள் இருக்கும். அப்படி இரண்டான ஊர்களின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அறிவீர்கள்.

நெல்லை பேட்டையில் 1896-ஆம் ஆண்டு பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள், நாடு பிரிந்த பின் 1948 மார்ச் 10-இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவிய வரலாறு நாம் அறிந்ததே. 1909-ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறையைத் தந்தது. முஸ்லிம் வேட்பாளரை முஸ்லிம்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பது அதன் முறை. விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபை அதனைக் கைவிட்டது. அன்று அதனைத் தக்கவைக்க வாதாடியவர்களில் நம் காயிதே மில்லத்தும் ஒருவர். கோரிக்கை ஏற்கப்படவில்லை. எனினும் அவர் ஒதுங்கிப் போய்விடவில்லை. பொதுத் தொகுதி முறையை ஏற்று, கேரளத்தின் மஞ்சேரியில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1952 முதல் இன்று வரை நாம் வாக்களிப்பது எல்லோரோடும் ஒரே பட்டியலில், ஒரே வரிசையில் நின்றுதான். அந்த வரிசையில் நம் எடையைத் தீர்மானிப்பது எது என்பதே இன்றையப் பேச்சின் பொருள்.

இனி நம் தொகுதிக்கு வருகிறேன். 1991 தொடங்கி 2016 வரை நடந்த பொதுத் தேர்தல்கள் அனைத்திலும் இங்கு ஒரே கட்சி வென்றது. 1996-இல் தமிழ்நாடெங்கும் பேரலை எதிர்த்து வீசி, 234 தொகுதிகளில் அ.இ.அ.தி.மு.க. நான்கே நான்கில் வென்றதே, அந்த நான்கில் ஒன்று சங்கரன்கோவில். கருப்பசாமி அவர்கள் வென்ற வித்தியாசம் சில நூறு வாக்குகளே. மாநிலம் முழுதும் ஒரு திசையில் சென்றபோதும், ஏதோ ஒரு சில தெருக்கள் வீட்டில் இருந்துவிட்டதாலோ, ஒரு சில தெருக்கள் முழுதாகத் திரண்டு வந்ததாலோ, இவ்வூர் மறு திசையில் நின்றது.

அமைச்சராக இருந்த அவர் 2011-இல் மறைந்ததை அடுத்து, 2012 மார்ச் 18-இல் இடைத்தேர்தல் வந்தது. அந்த நாட்களை நம்மில் எவர் மறப்பார்? மின்வெட்டால் தறிகள் நின்றிருந்த காலம். ஊரிலோ அமைச்சர்களின் வாகனங்கள் நின்ற இடம் போக நடக்க இடமில்லை. முத்துச்செல்வி 94,977 வாக்குகள் பெற்றார். தி.மு.க. 26,220, ம.தி.மு.க. 20,678, தே.மு.தி.க. 12,144. "எதிர் வாக்குகள் மூன்றாய்ச் சிதறியதால்தான்" என்று அன்று டீக்கடைதோறும் பேசினார்கள். அம்மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 59,042. மூவரும் ஒன்றாய் நின்றிருந்தாலும் வென்றிருக்க இயலாது. வாக்குச் சிதறல் என்பது தோற்றவருக்கு எப்போதும் கைக்கெட்டும் சமாதானம். எல்லா இடத்திலும் அது உண்மையாவதில்லை. (வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 19-இல், கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்க மாநில அமைச்சரவை இசைவு தெரிவித்தது. இடைத்தேர்தல் முடியும் வரை அந்த முடிவு காத்திருந்தது என்று கருதியோர் பலர். ஒரு தொகுதியின் வாக்காளர் விரலுக்கு அரசாங்கம் எவ்வளவு மரியாதை தருகிறது, எத்தனை நாள் தருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?)

2021-இல் நிலை நேர்மாறு. தி.மு.க.வின் ராஜா 71,347 வாக்குகள் பெற்று, அமைச்சராக இருந்த ராஜலட்சுமியை 5,297 வாக்குகளில் வென்றார். ஒரே கட்சியின் முப்பதாண்டுப் பிடி அன்று அகன்றது. அங்கே சிதறல் உண்மையிலேயே வேலை செய்தது. மூன்றாவதாக வந்த அ.ம.மு.க. பெற்றவை இந்த வித்தியாசத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். அதே தேர்தலில் தென்காசி சட்டமன்றத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 370. அதற்கு முந்தைய 2016 தேர்தலில் இராதாபுரத்தில் 49. நாற்பத்தொன்பது வாக்குகள் என்பது இன்று இம்மண்டபத்தின் முன்பாதியில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கை.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு செய்தியைக் கூற விழைகிறேன். வாக்கு இரகசியமானது என்கிறோம். தனி மனிதரின் வாக்கு இரகசியமே, அதில் ஐயமில்லை. ஆனால் தெருவின் வாக்கு இரகசியமன்று. காகிதச் சீட்டு முறை இருந்தபோது பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து, கட்டுகளாக்கி எண்ணும் வழக்கம் இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. மின்னணு இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியும் தனித்தனியே எண்ணப்படுகிறது. படிவம் 20 என்னும் தாளில் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் வெளியிடப்படுகின்றன. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கலந்து கூட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் அதனைப் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எண்ணிக்கை முடிந்த சில நாட்களில் எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் நம் தெருவின் கணக்கு மேசைமேல் இருக்கும்.

அந்தத் தாளில் நம்மைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, யாருக்கு எவ்வளவு. மற்றொன்று, மொத்தம் எத்தனை பேர் வந்தனர். முதலாவதில் நாம் ஒன்றுபட்டதில்லை, ஒன்றுபடவும் போவதில்லை. ஒன்றுபடாதது நட்டம் என்றும் நான் கருதவில்லை. முழுவதும் ஒருவருக்கே விழும் தெருவைப் பெறுபவர் தம் பைக்குள் இருப்பதாக எண்ணி மறந்துவிடுகிறார். பெறாதவர் கிடைக்காத தெரு என்று ஒதுக்கிவிடுகிறார். பிரிந்து விழும் தெருவுக்கு எல்லோரும் வருகிறார்கள். ஆனால் இரண்டாவது எண்ணிக்கை இருக்கிறதே, அது குறைந்தால் நம்மைத் தேடி வருவோர் எவருமிலர். நூறில் ஐம்பது பேர் மட்டும் வந்த சாவடி எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை. சாக்கடை தூர்வாரவும், குடிநீர்க் குழாய் போடவும் வார்டுகளை வரிசைப்படுத்தும்போது அந்தத் தாளை எவரும் மறப்பதில்லை.

தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலே 2024 வரை வருகை தளர்ந்துதான் வந்தது. 2011 சட்டமன்றத் தேர்தலில் 78 விழுக்காட்டைத் தொட்ட வாக்குப்பதிவு 2021-இல் 73 அளவுக்கு வந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் 72 விழுக்காட்டுக்குச் சற்று மேலிருந்தது, 2024-இல் 69.72 ஆனது. அந்த 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையாக அமைந்ததை நினைவூட்டுகிறேன். "ஜும்ஆ முடிந்து போகலாம்" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் ஜும்ஆ முடிந்து, உணவருந்தி, சற்றே கண்ணயர்ந்து, எழுந்தபோது வெயில் பார்த்துத் தயங்கினர் என்பதை அவரவர் வீட்டார் அறிவர். காலை ஏழு மணிக்குத் திறக்கும் சாவடிக்கு ஃபஜ்ருத் தொழுகை முடித்த கையோடு சென்றால் வரிசையே இராது.

நகராட்சித் தேர்தலில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. இங்கு வார்டுகள் தனித்தொகுதியாகவோ பெண்களுக்கோ பொதுவாகவோ பிரிக்கப்படுவதால், நம் சகோதரர்களும் சகோதரிகளும் போட்டியிடும் வாய்ப்பு இங்கேதான் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 57,000, வார்டுகள் 30. ஒரு வார்டுக்குச் சராசரியாக இரண்டாயிரத்திற்கும் குறைவான மக்கள் எனில், வாக்காளர் அதனினும் குறைவு. வந்து வாக்களிப்போர் அதிலும் குறைவு. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த தேர்தலில் தமிழ்நாட்டின் நகராட்சிகளில் பதிவானது 68.22 விழுக்காடு. அத்தேர்தலுக்குப் பின் நம் நகர்மன்றத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் கூடியபோது நடந்தது என்ன? இரு தரப்பும் சமமான வாக்குகள் பெற்று, குலுக்கல் சீட்டு எடுத்தே தலைவர் முடிவானார். 2025-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அத்தலைமையும் மாறியது. ஏதேனும் ஒரே ஒரு வார்டில் முடிவு மாறியிருந்தால் சீட்டுக் குலுக்க வேண்டி வந்திராது. அந்த ஒரு வார்டின் முடிவை மாற்ற எத்தனை வீடுகள் போதும் என்பதை உங்கள் கணக்கிற்கே விடுகிறேன். அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது.

வாக்களிக்க மனமிருந்தும் இயலாமற் போவதைப் பற்றி இப்போது சொல்கிறேன். இன்று நான் எழுந்து பேச இசைந்ததே இதற்காகத்தான். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. 6.41 கோடிப் பெயர்கள் இருந்த பட்டியல், டிசம்பர் 19-இல் வெளியான வரைவில் 5.43 கோடியாயிற்று. நீங்கியவை 97 இலட்சத்திற்கும் மேல். அவற்றில் மரணமடைந்தோர் சுமார் 27 இலட்சம். ஊர் மாறியோர், முகவரியில் காணப்படாதோர் சுமார் 66 இலட்சம். இரட்டைப் பதிவு மூன்று இலட்சத்திற்கு மேல். இவற்றுள் பெரும்பாலானவை நீக்கப்பட வேண்டியவையாகவே இருக்கலாம். ஆனால் "முகவரியில் காணப்படாதோர்" என்ற அந்தச் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சவூதியிலும் துபாயிலும் இருப்பவர், கேரளத்தில் கடை வைத்திருப்பவர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் எல்லோரும் அலுவலர் கதவு தட்டும் வேளையில் காணப்படாதவர்களே. நம் மஹல்லாவில் அத்தகையோர் இல்லாத வீடு எது?

அடுத்தது பெயர்க் குழப்பம். 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலோடு இன்றைய பெயரை ஒப்பிட வேண்டி வந்தபோது இடர்ப்பட்டோர் பலர். ஒரே மனிதர் ஒரு பட்டியலில் முகம்மது, மற்றொன்றில் முகமது, ஆதாரில் முஹம்மத். மைதீன் என்பவரே முகைதீன், மொய்தீன். செய்யது, சையது. பீவி, பீபி. அழைக்கும் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. பெண்களின் நிலை இதனினும் சிக்கல். கடையநல்லூரிலிருந்தோ, புளியங்குடியிலிருந்தோ, மேலப்பாளையத்திலிருந்தோ நம் ஊருக்கு மணமாகி வந்த பெண்ணின் பெயர் தாய்வீட்டுப் பட்டியலில் தங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்து அங்கே "இடம் பெயர்ந்தவர்" என்று நீக்கப்படுகிறது. இங்கே சேர்க்கப்பட்டதும் இல்லை. அவர் எந்த ஊரின் வாக்காளரும் அல்லர். தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று பெருமை பேசும் நாம், நம் வீட்டுப் பெண்கள் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்று தேடிப் பார்த்ததுண்டா?

இந்த வேலைக்கு நம் ஜமாஅத்தைவிடத் தகுதியான அமைப்பு வேறில்லை. ஏனெனில் ஒரு வாக்காளர் பட்டியலுக்குத் தேவையான மூன்று கணக்குகளும் நம் அலுவலக அலமாரியிலேயே இருக்கின்றன. குடும்பங்களின் சந்தாப் பதிவேடு இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஊருக்குப் போனார் என்பதைச் சொல்ல நிக்காஹ் தப்தர் இருக்கிறது. மௌத்தானவர்களின் பெயரைச் சொல்ல மையவாடிப் பதிவேடு இருக்கிறது. பட்டியலை இம்மூன்றோடும் ஒப்பிட்டால், சேர்க்க வேண்டியதும் நீக்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும் தாமே வெளிப்பட்டுவிடும். இறந்தவரின் பெயரை நாமே முன்வந்து நீக்கச் சொல்வதும் இதில் அடங்கும். கள்ள வாக்கு என்ற அவப்பெயர் நம் சாவடிக்கு வராதிருக்க அதுவே வழி.

முறைகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். புதிதாகச் சேர படிவம் 6. நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், அட்டை மாற்று ஆகிய மூன்றுக்கும் படிவம் 8. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் படிவம் 6ஏ வழியாகப் பதியலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாளாக இருந்தது; 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்கள். பதினேழு வயது நிரம்பிய பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நகராட்சித் தேர்தலின் வார்டுப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே தயாரிக்கப்படுவதால், இங்கே பெயர் விடுபட்டவருக்கு அங்கேயும் வாக்கு இல்லை.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. தெருவுக்கு இருவர் வீதம், ஒருவர் ஒரு கட்சியினர் என்றால் மற்றவர் வேறு கட்சியினராய் இருக்குமாறு பார்த்து நியமியுங்கள். இருவரும் சேர்ந்தே வீட்டுக்குள் செல்லட்டும். அப்போதுதான் "எங்கள் ஆட்களை மட்டும் சேர்த்தார்கள்" என்ற பேச்சு எழாது. வீட்டுப் பெண்களிடம் பேச ஆலிமா சகோதரிகளும் கல்லூரி மாணவியரும் உடன் செல்லட்டும். படிவத்தை நிரப்பித் தருவதோடு நில்லாமல், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒப்படைத்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் வாங்கி அந்தந்த வீட்டாரிடம் தர வேண்டும். ஒப்புகை இல்லாத விண்ணப்பத்தைப் பின்னர் எவரிடமும் கேட்க இயலாது. யாருக்கு வாக்கு என்ற பேச்சை எவரேனும் வீட்டு வாசலில் எடுத்தால், அன்றோடு அவரை அந்தப் பணியிலிருந்து விடுவித்துவிடுங்கள். அவர் என் உறவினராக இருந்தாலும் சரியே.

சந்தாப் பதிவேட்டின் பிரதியைத் தெருவாரியாகப் பிரித்துத் தர பொருளாளர் இசைந்துள்ளார். வாக்காளர் பட்டியலின் பாகங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துத் தரும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றுள்ளனர். பெயர் தரவிரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.